பல் வலிக்குது, ஆனால் பல்லில் ஒன்றுமில்லை! முகத்தில் வரும் அக்கி பல்லை என்ன செய்யும்?

ஊரிலிருந்து அம்மா போன் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். "அப்பாவுக்கு ரெண்டு நாளா பல்லு வலி. கீழ்ப்பல்லு ஒரு பக்கம் பூரா விண்ணு விண்ணுனு தெறிக்குதாம். ராத்திரி தூக்கமே இல்ல. பல் டாக்டர்கிட்ட போனா, எக்ஸ்ரேல ஒண்ணுமே தெரியலைங்கறாரு." நீங்களும் ஒரு வலி மாத்திரை பெயரைச் சொல்லி, "திங்கட்கிழமை பாத்துக்கலாம்மா" என்று போனை வைக்கிறீர்கள். ஞாயிறு காலை அடுத்த போன். "தாடையில ஒரு பக்கம் மட்டும் கொப்புளம் கொப்புளமா வந்திருக்கு. பக்கத்து வீட்டு அக்கா பாத்துட்டு, இது அக்கினு சொல்றாங்க."

இது கற்பனைக் காட்சிதான். ஆனால் இதே வரிசையில் நடந்த பல சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன. முதலில் பல் வலி. சிலருக்கு வேர் சிகிச்சை, சிலருக்குப் பல்லையே பிடுங்குவது. அதற்கு அப்புறம்தான் முகத்தில் கொப்புளம். அதாவது, வலித்தது பல் அல்ல, பல்லுக்குப் போகும் நரம்பு.

இன்னும் அரிதாக, கொப்புளங்கள் ஆறிப்போன சில வாரங்களில் பல் தானாக ஆடி விழுவதும், தாடை எலும்பின் ஒரு பகுதி உயிரிழப்பதும் உண்டு. பயப்பட வேண்டிய அளவுக்கு இது பொதுவானதல்ல. ஆனால் தெரிந்து வைத்திருந்தால், ஒரு நல்ல பல்லையும் சில முக்கியமான மணி நேரங்களையும் காப்பாற்றலாம்.

அக்கி என்பது என்ன?

மருத்துவத்தில் இதற்கு ஹெர்பிஸ் ஜோஸ்டர் என்று பெயர். ஆங்கிலத்தில் பேச்சுவழக்கில் ஷிங்கிள்ஸ். 'ஹெர்பிஸ்' என்றதும் பாலியல் நோயோ என்று பலர் பதறுகிறார்கள். இல்லை. அது அதே குடும்பத்தைச் சேர்ந்த வேறு வைரஸ். அக்கிக்குக் காரணம், சின்னம்மையை உண்டாக்கும் அதே வேரிசெல்லா ஜோஸ்டர் வைரஸ்.

சின்ன வயதில் அம்மை போட்டுத் தலைக்குத் தண்ணீர் ஊற்றியதோடு கதை முடிந்தது என்றுதான் நினைக்கிறோம். ஆனால் வைரஸ் உடம்பை விட்டுப் போவதில்லை. நரம்புகளின் வேர்ப்பகுதியில் இருக்கும் நரம்பு முடிச்சுகளில் போய் ஒடுங்கிக்கொள்கிறது. பல ஆண்டுகள் கழித்து, வயதாலோ நோயாலோ எதிர்ப்பு சக்தி தளரும்போது மறுபடி விழித்து, ஏதாவது ஒரு நரம்பின் வழியாகத் தோலுக்கு வருகிறது. இந்தக் கருத்தை 1965-ல் தெளிவாக முன்வைத்தவர் இங்கிலாந்தின் சைரன்செஸ்டர் ஊரைச் சேர்ந்த எட்கர் ஹோப்-சிம்சன் என்ற குடும்ப மருத்துவர்.

ஒரு நரம்பின் வழியாக மட்டும் வருவதால்தான் அக்கி உடம்பின் ஒரு பக்கத்தில், ஒரு பட்டை மாதிரி வருகிறது. நடுக்கோட்டைத் தாண்டுவது அபூர்வம். கிரேக்க மொழியில் 'ஜோஸ்டர்' என்றால் இடுப்புக்கச்சை. மார்பு, முதுகு, இடுப்புப் பகுதிகளில்தான் இது அதிகம் வருகிறது. அடுத்தபடியாக முகம்.

பல்லுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்?

முகத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் உணர்ச்சி தரும் பெரிய நரம்பு ஒன்று இருக்கிறது. டிரைஜெமினல் நரம்பு என்பார்கள். இது மூன்று கிளைகளாகப் பிரிகிறது.

• முதல் கிளை: நெற்றி, கண், மூக்கின் மேற்பகுதி.
• இரண்டாம் கிளை: கன்னம், மேலுதடு, மேலண்ணம், மேல்வரிசைப் பற்கள்.
• மூன்றாம் கிளை: தாடை, கீழுதடு, நாக்கின் முன்பகுதி, கீழ்வரிசைப் பற்கள்.

முகத்தில் வரும் அக்கி பெரும்பாலும் முதல் கிளையைத்தான் தாக்குகிறது. அங்கே கவலை கண்ணைப் பற்றியது. மூக்கு நுனியில் கொப்புளம் தெரிந்தால் கண்ணும் பாதிக்கப்படலாம் என்பதற்கு அது எச்சரிக்கை. அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

இரண்டாம், மூன்றாம் கிளைகளில் வருவது அதைவிடக் குறைவு. ஆனால் வந்தால் பல், ஈறு, தாடை எலும்பு எல்லாமே அந்த நரம்பின் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. அண்ணத்திலும் கன்னத்தின் உட்புறத்திலும் நாக்கிலும்கூட கொப்புளங்கள் வரும். வாய்க்குள் அவை சீக்கிரமே உடைந்து புண்ணாகிவிடுவதால், 'சாதாரண வாய்ப்புண்தானே' என்று விட்டுவிடுவதும் நடக்கிறது.

கொப்புளத்துக்கு முந்தைய நாட்கள்

அக்கியில் வலிதான் பெரும்பாலும் முதலில் வரும். கொப்புளம் தெரிவதற்குச் சில நாட்கள் முன்பே அந்த இடத்தில் எரிச்சல், குத்தல், கூச்சம், அரிப்பு என்று ஏதாவது தொடங்கிவிடும். வைரஸ் நரம்பு வழியாகத் தோலை நோக்கி நகர்ந்துகொண்டிருக்கும் நேரம் இது. அந்த நரம்பு பல்லுக்கும் போவதாக இருந்தால், மூளைக்கு அது பல் வலியாகவே தெரியும்.

இந்தக் கட்டத்தில் பல் மருத்துவரைக் குறை சொல்வதும் சரியாகாது. நோயாளி ஒரு பல்லைக் காட்டி "இதுதான் டாக்டர்" என்கிறார். அந்தப் பல்லில் ஏற்கெனவே ஒரு பழைய அடைப்போ சின்ன சொத்தையோ இருக்கலாம். தோலில் எதுவும் தெரிவதில்லை. வேர் சிகிச்சை செய்தும் வலி நிற்காது. அடுத்து பக்கத்துப் பல். சில சமயம் பல்லைப் பிடுங்கிய மறுநாள் கன்னத்தில் கொப்புளம் வரும். 'பல் பிடுங்கினதாலதான் இப்படி ஆச்சு' என்று குடும்பம் நினைத்துக்கொள்ளும்.

ஒரு சிலருக்குக் கொப்புளமே வராமல் வலி மட்டும் வந்து போகும் வகையும் உண்டு. அதைக் கண்டுபிடிப்பது இன்னும் கஷ்டம்.

எப்படி வித்தியாசம் தெரியும்?

ஒரு விஷயத்தை முதலில் சொல்லிவிடலாம். பல் வலி என்றால் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் பல்லோ ஈறோதான் காரணமாக இருக்கும். எனவே முதலில் போக வேண்டிய இடம் பல் மருத்துவர்தான். கீழே உள்ளவற்றில் சில சேர்ந்து இருந்தால், அக்கியாக இருக்குமோ என்று அவரிடம் நீங்களே கேட்கலாம்.

• ஒரு பல் மட்டுமல்லாமல், ஒரு பக்கத்து வரிசை முழுக்க வலிக்கிறது.
• சொத்தைப் பல்லின் வலியைப் போல இல்லாமல் எரிச்சல், ஷாக் அடிப்பது, ஊசி குத்துவது மாதிரி இருக்கிறது.
• பல்லுக்கு வெளியே கன்னம், உதடு, தாடைத் தோலைத் தொட்டாலே கூசுகிறது. ஷேவ் செய்யவோ தலையணையில் சாயவோ முடியவில்லை.
• லேசான காய்ச்சல், தலைவலி, உடல் அசதி கூடவே இருக்கிறது.
• எக்ஸ்ரேயிலும், பல்லைத் தட்டிப் பார்த்தும், குளிர்ச்சி வைத்துப் பார்த்தும் தெளிவான காரணம் கிடைக்கவில்லை.

இதில் கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம். காரணம் கிடைக்காத பல்லில், திருப்பி எடுக்க முடியாத சிகிச்சையை அவசரப்பட்டுச் செய்யாமல் ஓரிரு நாள் பொறுப்பதே நல்லது. அந்த நாட்களில் தினமும் நல்ல வெளிச்சத்தில் முகத்தையும் வாயின் உட்புறத்தையும் பாருங்கள். ஒரே பக்கத்தில் சிவப்போ சின்னச் சின்ன நீர்க்கொப்புளமோ தெரிந்தால், போட்டோ எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போய்விடுங்கள்.

72 மணி நேரக் கணக்கு

அக்கிக்கு மருந்து உண்டு. அசைக்ளோவிர், வாலாசைக்ளோவிர், ஃபாம்சைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகள். அசைக்ளோவிர் உருவான ஆய்வுக்குழுவுக்குத் தலைமை வகித்த ஜெர்ட்ரூட் எலியன் 1988-ல் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர்.

இந்த மாத்திரைகள் வைரஸ் தன்னைப் பிரதி எடுத்துப் பெருகுவதைத்தான் தடுக்கின்றன. ஏற்கெனவே சேதமான நரம்பைச் சரிசெய்வதில்லை. அதனால்தான் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்கிறார்கள். நேரம் தாண்டிவிட்டால் பயனே இல்லை என்று அர்த்தமில்லை. புதுக் கொப்புளங்கள் வந்துகொண்டே இருந்தாலோ, கண் பாதிக்கப்பட்டிருந்தாலோ, எதிர்ப்பு சக்தி குறைந்தவராக இருந்தாலோ பிறகும் மருத்துவர்கள் கொடுக்கிறார்கள்.

வழக்கமாக 7 நாள் மாத்திரை. சிறுநீரகப் பிரச்சினை உள்ளவர்களுக்கு அளவைக் குறைக்க வேண்டியிருக்கும். எனவே மருந்துக் கடையில் பெயர் சொல்லி வாங்கிப் போடுவது வேண்டாம். மேலே தடவும் அசைக்ளோவிர் களிம்பு மாத்திரைக்கு மாற்று ஆகாது.

அக்கி எழுதலாமா?

தமிழ்நாட்டுக் கிராமங்களில் அக்கி என்றால் இன்றும் பலர் முதலில் போவது மண்பாண்டம் செய்பவர் வீட்டுக்கு. கொப்புளங்களின் மேல் காவி மண்ணைக் குழைத்துப் பூசி உருவங்கள் வரைவார்கள். 'அக்கி எழுதுவது' என்று இதற்குப் பெயர். பூசினால் குளிர்ச்சியாக இருக்கும், எரிச்சல் கொஞ்சம் அடங்கும். பெரும்பாலானவர்களுக்குக் கொப்புளங்கள் 2 முதல் 4 வாரங்களில் தானாகவே ஆறிவிடும் என்பதால், எழுதியதால்தான் ஆறியது என்ற நம்பிக்கையும் வலுவாக இருக்கிறது.

நரம்புக்குள் இருக்கும் வைரஸை மண் தொடாது என்பது ஒரு பக்கம். பெரிய பிரச்சினை, எழுதிக்கொண்டு காத்திருக்கும் மூன்று நாட்களில் மாத்திரைக்கான நேரம் கடந்துவிடுகிறது. உடைந்த கொப்புளங்களில் மண் பட்டால் பாக்டீரியா தொற்றும் சேரலாம். அதுவும் முகத்தில், கண்ணுக்கும் வாய்க்கும் பக்கத்தில். வீட்டுப் பெரியவர்களிடம் இதை எதிர்த்து வாதாடுவதைவிட, "முதல்ல டாக்டரைப் பாத்து மாத்திரை ஆரம்பிச்சுடுவோம்ப்பா" என்று அழைத்துப் போவது சுலபம்.

அரிதான சிக்கல்: தானாக விழும் பல்

பெரும்பாலானவர்களுக்கு அக்கி ஆறிய பிறகு பல்லுக்கு எதுவும் ஆவதில்லை. வெகு சிலருக்கு மட்டும், கொப்புளங்கள் ஆறிக்கொண்டிருக்கும்போதோ அதற்குச் சில வாரங்கள் கழித்தோ, அதே பக்கத்தில் பற்கள் ஆடத் தொடங்குகின்றன. வலி பெரிதாக இல்லாமலேயே, சாப்பிடும்போது பல் கையோடு வந்துவிட்டது என்று சொன்ன நோயாளிகள் உண்டு. ஈறு விலகி, உள்ளே வெளுத்த எலும்பு தெரியும். அந்த எலும்புக்கு உயிர் இல்லை.

உலக அளவில் மருத்துவ இதழ்களில் பதிவானவை சில பத்துகள்தான். இந்தியாவிலிருந்தும் இப்படிப்பட்ட பதிவுகள் வந்திருக்கின்றன. பாதிக்கப்பட்டவர்களில் கணிசமானவர்கள் முதியவர்கள் அல்லது எச்.ஐ.வி., புற்றுநோய் போன்றவற்றால் எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள். நல்ல ஆரோக்கியத்தோடு இருந்தவர்களும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள்.

ஏன் இப்படி நடக்கிறது? உறுதியான ஒரே விடை இல்லை. அதிகம் ஏற்கப்படும் விளக்கம் ரத்த ஓட்டம் பற்றியது. கீழ்த்தாடை எலும்புக்குள் ஒரு சின்ன சுரங்கப்பாதை இருக்கிறது. அதில்தான் பல்லுக்குப் போகும் நரம்பும் ரத்தக்குழாயும் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. நரம்பில் பற்றிய அழற்சி பக்கத்து ரத்தக்குழாய்க்கும் பரவி, அது சுருங்கியோ அடைபட்டோ போனால், அந்தப் பகுதி எலும்பும், பல்லை எலும்போடு பிடித்து வைக்கும் மெல்லிய நார்களும் பட்டினி கிடக்க வேண்டியதுதான். இந்த வைரஸ் ரத்தக்குழாய்ச் சுவர்களைத் தாக்கும் என்பது மூளையின் ரத்தக்குழாய்களில் ஏற்கெனவே நிரூபணமான விஷயம்.

ஏற்கெனவே ஈறு நோய் இருந்தால் நிலைமை மோசமாகும். வாயெல்லாம் புண்ணாக இருக்கும்போது யார்தான் ஒழுங்காகப் பல் துலக்குவார்கள்? கிருமிகளுக்கு அது வசதியாகிவிடுகிறது.

சிகிச்சை உண்டு. ஆடும் பல்லையும் உயிரற்ற எலும்புத் துண்டையும் நீக்கி, ஆன்டிபயாடிக் கொடுத்து, கிருமிநாசினி கொண்டு வாயைச் சுத்தமாக வைத்தால் பெரும்பாலும் நன்றாக ஆறிவிடும். முழுக்க ஆறிய பிறகு செயற்கைப் பல் பற்றி யோசிக்கலாம். தாமதித்தால்தான் தொற்று உள்ளே பரவி எலும்பிழப்பு அதிகமாகும்.

வெளியே தெரியாமல் சாகும் பல்

இன்னொரு சிக்கல் சத்தமில்லாமல் நடப்பது. பல்லின் நடுவே நரம்பும் ரத்தக்குழாயும் உள்ள மென்மையான பல்கூழ் இருக்கிறது. அதற்கான ரத்தம் வேர் நுனியில் உள்ள நுண்ணிய துளை வழியாகத்தான் உள்ளே போக முடியும். சுற்றிலும் கெட்டியான சுவர் என்பதால் வீங்கினாலும் இடமில்லை. ரத்த ஓட்டம் தடைபட்டால் பல்கூழ் இறந்துவிடும்.

சொத்தையோ அடிபட்டதோ இல்லாத ஒரு பல், மாதங்கள் கழித்து நிறம் மங்கி, வேர் நுனியில் சீழ் கட்டுவது இப்படித்தான். வேர் தானாகக் கரைந்துபோன சம்பவங்களும் பதிவாகியிருக்கின்றன. சிறு குழந்தைகளுக்கு வந்தால் தாடைக்குள் உருவாகிக்கொண்டிருக்கும் நிரந்தரப் பல்லின் வளர்ச்சியும் பாதிக்கப்படலாம். இறந்த பல்கூழுக்கு வேர் சிகிச்சைதான் தீர்வு. அங்கே அது தேவையான சிகிச்சை. அதனால் பல் மருத்துவரிடம் போகும்போது, "எனக்கு இந்தப் பக்கம் முகத்தில் அக்கி வந்திருந்தது" என்று சொல்வது முக்கியம். வந்து ஒரு வருஷம் ஆகியிருந்தாலும் சொல்லுங்கள்.

அக்கி போச்சு, வலி போகல

கொப்புளம் ஆறி 90 நாட்கள் கடந்தும் வலி தொடர்ந்தால் அது நரம்பு சேதத்தால் வரும் வலி. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் கணக்குப்படி அக்கி வந்தவர்களில் 10 முதல் 18 சதவீதம் பேருக்கு இது வருகிறது. வயது கூடக்கூட வாய்ப்பும் கூடும்.

இது தாடையில் வந்தால் மறுபடி பல் வலி போலவே இருக்கும். ஒரு பல்லை எடுத்து, அடுத்ததை எடுத்து என்று போய்க்கொண்டே இருந்தால் வாய் காலியாகும், வலி அப்படியே இருக்கும். இதற்கான மருந்துகள் வேறு. கேபாபென்டின், பிரிகேபாலின், அமிட்ரிப்டிலின் போன்ற நரம்பு வலி மருந்துகளை மருத்துவர் பார்த்துக் கொடுப்பார்.

எனக்கு முப்பது வயசுதானே, ஏன் கவலை?

அமெரிக்காவில் மூன்றில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது அக்கி வருகிறது என்பது மதிப்பீடு. 50 வயதுக்குப் பிறகு வாய்ப்பு ஏறுகிறது. சர்க்கரை நோயும் அதைக் கூட்டுகிறது. சென்னையைச் சேர்ந்த மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளை முன்னின்று நடத்தி 2023-ல் வெளியான ஆய்வு, இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகச் சொன்னது. நம் வீட்டிலும் ஒருவராவது இருப்பார்.

இளம் வயதிலும் வரும். 2022-ல் பாடகர் ஜஸ்டின் பீபர் தன் முகத்தின் ஒரு பக்கம் செயலிழந்திருப்பதை வீடியோவில் காட்டினாரே, அந்த ராம்சே ஹண்ட் பாதிப்புக்கும் காரணம் இதே வைரஸ்தான். அப்போது அவருக்கு வயது 28. அவருக்கு இது வந்தது முகத் தசைகளை இயக்கும் நரம்பில். சிறு வயதில் அக்கி கடுமையாக வந்தாலோ திரும்பத் திரும்ப வந்தாலோ, சர்க்கரை, எச்.ஐ.வி. போன்றவற்றுக்குப் பரிசோதிப்பது நல்லது. ஸ்டீராய்டு, கீமோ, மூட்டுவாதத்துக்கான சில மருந்துகள் எடுப்பவர்களும் கவனமாக இருக்க வேண்டும்.

தடுப்பூசி இருக்கிறதா?

இருக்கிறது. 'ஷிங்ரிக்ஸ்' என்ற தடுப்பூசி 2023-ல் இந்தியாவுக்கு வந்தது. 50 வயதைக் கடந்தவர்களுக்கு 2 டோஸ், 2 முதல் 6 மாத இடைவெளியில். 50 வயதைக் கடந்தவர்களிடம் நடந்த பெரிய சோதனைகளில் 90 சதவீதத்துக்கும் மேல் பாதுகாப்பு தந்தது. உயிருள்ள வைரஸ் இதில் இல்லை. ஊசி போட்ட பிறகு ஓரிரு நாள் கைவலி, காய்ச்சல், அசதி வரலாம். அரசின் இலவசத் தடுப்பூசித் திட்டத்தில் இல்லை, விலையும் குறைவில்லை. பெற்றோருக்குச் சர்க்கரையோ வேறு நாள்பட்ட நோயோ இருந்தால், அடுத்த செக்கப்பில் மருத்துவரிடம் இதைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

வீட்டில் ஒருவருக்கு முகத்தில் அக்கி வந்தால்...

• அன்றே மருத்துவரைப் பாருங்கள். கண், மூக்கு நுனி, காதுப் பக்கம் என்றால் இன்னும் அவசரம்.
• கொப்புளங்கள் பொருக்குத் தட்டும்வரை கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், அம்மை வராதவர்களிடமிருந்து தள்ளி இருக்கச் சொல்லுங்கள். அவர்களுக்குத் தொற்றினால் அக்கி வராது, சின்னம்மை வரும்.
• வாய்ப்புண் இருந்தாலும் மென்மையான பிரஷ்ஷால் பல் துலக்குவதை நிறுத்த வேண்டாம். மருத்துவர் சொல்லும் திரவத்தால் வாய் கொப்பளிக்கலாம்.
• அக்கி ஆறிய பிறகும் மூன்று மாதம்வரை அந்தப் பக்கப் பற்களைக் கவனியுங்கள். பல் ஆடினாலோ, ஈறு விலகி எலும்பு தெரிந்தாலோ, துர்நாற்றம், சீழ், உதடு மரத்துப்போவது என்று எது வந்தாலும் பல் மருத்துவரிடம் போக வேண்டும்.

மறுபடி அந்த வெள்ளிக்கிழமை போனுக்கு வருவோம். "எக்ஸ்ரேல ஒண்ணுமே இல்லையாம்" என்று அம்மா சொன்னதும் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும். "அம்மா, அப்பாவோட கன்னத்தைத் தொட்டா கூசுதானு கேளு. காலைல வெளிச்சத்துல முகத்தையும் வாயையும் பாத்து ஒரு போட்டோ அனுப்பு." ஞாயிறு வரை காத்திருக்காமல் சனிக்கிழமையே கொப்புளம் கண்ணில் பட்டால், 72 மணி நேரத்தில் ஒரு நாள் மிச்சம்.